அக்கரையில் ஒரு சேமக்காலை

மரண அறிவித்தல்களை ஊன்றிப் படிக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழருள் அநேகருக்கு உண்டு. முன்னர் வானொலியில் கேட்டோம். இப்பொழுது கைத்தொலைபேசியில் படிக்கிறோம். இறந்தவரின் பெயருக்கு முன்னதாக அதில் ஒரு வாசகம் வரும். ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட’ என்பது அது. ஒரு காலத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. பேசாலையில் பிறந்தவர் பேசாலைக் கடலில் தொழில் செய்து பேசாலைச் சேமக்காலையில் அடங்கினார். மிஞ்சிப்போனால், கலியாணம் செய்து போன வகையில், வங்காலையோ தலைமன்னாரோ வதிவிடமாயிருக்கும். இன்றோ பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் நடுவே கடல்கள் கிடக்கின்றன. பாரிஸ், இலண்டன், ரொறன்ரோ என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒரு சமூகத்தின் நாற்பது ஆண்டுச் சரித்திரம் இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது.

எமது தாயாருக்கு அறிவித்தல் எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தபோது, ‘பேசாலையைப் பிறப்பிடமாகவும்’ என்பது வரை பேனா தடையின்றி ஓடிற்று. அப்பால் நின்றுவிட்டது. பேசாலையில் அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகள். எஞ்சிய 32 ஆண்டுகளும் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில். முகாமை வதிவிடம் என்று எழுதுவதா? முகாம் என்பது வந்தவர் தங்கிப் போகும் இடமல்லவா? பேரப்பிள்ளை கண்ட இடத்தைத் தங்குமிடம் என்றுதான் சொல்லலாமா? வெகுநேரம் யோசித்து ‘மண்டபத்தை வதிவிடமாகவும்’ என்று எழுதினோம். முகாம் என்ற சொல்லை விட்டுவிட்டோம். அந்த ஒரு சொல்லையாவது அவரிடமிருந்து கழற்றி எடுக்க எமக்கு உரிமை இருந்தது.

எமது ஊரின் இருப்பிடத்தை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறோம். பேசாலை மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள மீனவர் ஊர். தீவின் மேற்கு முனை தலைமன்னார். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இடையில் ஆழமற்ற கடலும் மணல்திட்டுகளுமே உள்ளன. தனுஷ்கோடியிலிருந்து இராமேசுவரம் தீவைக் கடந்து பாம்பன் பாலத்தைத் தாண்டினால் மண்டபம். தனுஷ்கோடி முனையில் நிற்பவரின் கைத்தொலைபேசி சில வேளைகளில் இலங்கைக் கோபுரத்தின் அலையைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு அண்மை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது எமக்கு வயது பத்து. வடக்குக் கரையெங்கும் மக்கள் இரவோடிரவாகப் படகேறினர். அக்காலத்தில் தமிழ்நாட்டைச் சென்றடைந்தவர் தொகை ஒரு இலட்சத்துக்கும் மேல். அவர்களுள் எமது குடும்பமும் ஒன்று. தகப்பனார் 1998இல் அங்கேயே காலமானார், அங்கேயே அடக்கம். நாம் அங்கேயே வளர்ந்து, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே மூத்த மகளைப் பெற்றோம். போர் முடிந்த பின்னர், 2012இல், கணவரும் நாமும் இரண்டு வயதுப் பிள்ளையோடு ஊர் திரும்பினோம். தாயார் வரவில்லை. “உங்கட அப்பாவைத் தனிய விட்டுட்டு நான் என்னெண்டு வாறது?” என்றார். வந்தால் பின்னர் முகாமுக்குத் திரும்ப இயலாது என்பதும் அவருக்குத் தெரியும். தங்கையும் அவளுடைய பிள்ளைகளும் அங்கே இருந்தனர். தங்கையின் கணவர் அங்குள்ள ஏனைய அகதிகளைப் போல ஊரூராகச் சென்று சுவருக்கு வர்ணம் பூசும் தொழில் செய்பவர். வாரக்கணக்கில் வீட்டில் இரார். ஆகவே ஒரு மகளுக்குத் துணையாக நின்று மறுமகளை அனுப்பிவைத்தார். நிற்பதா போவதா என்பதை மனம் தீர்மானித்ததைவிட இரு நாடுகளின் பத்திரங்கள் தீர்மானித்தன என்பதே மெய்.

தாயார் காலமானது 2022 ஜூலையில். அந்த ஆண்டு இலங்கை எப்படிக் கிடந்தது என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் எமது கரையில் படகுகள் வாரக்கணக்கில் மணலில் குந்தியிருந்தன. மார்ச் 22ஆம் திகதி தொடங்கி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மீண்டும் மக்கள் தனுஷ்கோடியில் போய் இறங்கினர். இம்முறை அவர்களைத் துரத்தியது அரிசி விலையும் பால்மா விலையும்.

அதிகாலை நான்கு மணிக்குத் தங்கை பேசினாள். “அக்கா, அம்மா போயிட்டா.” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மறுநாள் மாலை நல்லடக்கம் என்று பிறகு அறிந்தோம். எமக்கிருந்தது 36 மணி நேரம். எம்மிடம் கடவுச்சீட்டு இல்லை; ஊர் திரும்பியது ஒரு வழிப் பயணப் பத்திரத்தில். கடவுச்சீட்டு இருந்திருந்தாலும் கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், விசா எடுக்க வேண்டும், பிறகு விமானம், மதுரையிலிருந்து மண்டபத்துக்கு மேலும் 150 கிலோமீற்றர் அளவு. எண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலமாயினும் அந்த 36 மணி நேரத்துள் போய்ச் சேர்ந்திருக்க இயலாது.

அன்று முற்பகலில் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். திண்ணையில் குந்தியிருந்து, “ரீச்சர், இரவைக்கு ஒரு படகு போகுது. மூண்டு மணித்தியாலம். திட்டியில இறக்கிவிடுவாங்கள்” என்று மெதுவாகச் சொன்னார். அதில் வஞ்சகம் இருந்ததாக நாம் எண்ணவில்லை. துக்க வீட்டுக்குத் தன்னால் இயன்றதைக் கொண்டுவந்தார். அன்றைய பகல் முழுவதும் அந்தப் படகே எம் மனத்தில் மிதந்தது. மூன்று மணி நேரம்! விடியுமுன் கரை, விடிந்ததும் தாயின் முகம். கணவர் கடல் தொழிலாளி. அந்தக் கடலின் ஒவ்வொரு சுழியும் அறிந்தவர். அவர் சொன்னது இது: “போறதெண்டால் நானே கொண்டுபோய் விடுவன். திரும்பி வாறது எப்பிடியெண்டுதான் தெரியேல்லை.”

பிடிபட்டால் அக்கரையிலோ இக்கரையிலோ சிறை. எத்தனை மாதமென்று எவராலும் சொல்ல இயலாது. மூத்தவளுக்கு 12 வயது, நடுவிலானுக்கு 8, சின்னவனுக்கு 4. பெற்றவளின் முகத்தை ஒருமுறை பார்க்கப்போய்ப் பெற்ற பிள்ளைகளின் முகத்தை எத்தனை காலம் பாராதிருப்பது? நாம் போகவில்லை. பின்னர் வந்தவர்கள் சிலர் இதனைத் தியாகம் என்று புகழ்ந்தார்கள். எமக்கு அந்தச் சொல் கூசிற்று. வாசலில் மூன்று பிள்ளைகள் நிற்கையில் ஒருத்தி போடுகிற கூட்டல் கழித்தலுக்கு அவ்வளவு பெரிய பெயர் எதற்கு?

மறுநாள் எமது முற்றத்தில் செத்தவீடு நடந்தது. பிரேதம் இல்லாத செத்தவீடு பேசாலைக்குப் புதிதல்ல. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு எமது முன்னோர் அப்படித்தான் அழுதார்கள்; போர்க்காலம் அந்த வழக்கத்தை மேலும் பழக்கிற்று. ஆகவே எவரும் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாய்கள் வந்தன. ஒரு மேசைக்கு வெள்ளைத்துணி விரித்துச் சிலுவையும் இரண்டு மெழுகுதிரிகளும் தாயாரின் படமும் வைத்தார்கள். பெண்கள் தலைவிரித்து அமர்ந்து ஒப்பாரி சொன்னார்கள். எமது அடுப்பை மூட்டவிடாமல் அயலார் சோறு கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அரிசியை அளந்து போட்ட நாட்கள் அவை என்பதை இங்கே பதிந்து வைக்கிறோம்.

மாலை நான்கு மணிக்கு அக்கரையில் நடந்ததைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். பெட்டியை இறக்கும் வரை படம் தெரிந்தது. எல்லோரும் பிடிமண் போடத் தொடங்கியபோது அது உறைந்து நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த கிழவி ஒருவர் எமது முற்றத்து மணலில் ஒரு பிடி அள்ளி எமது கைக்குள் வைத்தார். அதை என்ன செய்வதென்று அவரும் சொல்லவில்லை, எமக்கும் தெரியவில்லை. வெகுநேரம் அப்படியே பொத்திப் பிடித்திருந்தோம். பிறகு சின்னவன் வந்து பசிக்கிறது என்றான். கையைக் கழுவிவிட்டுச் சோறு குழைத்துக் கொடுத்தோம்.

அன்று தொடங்கிய துக்கம் அதே வகையாகத்தான் இன்றுவரை நடக்கிறது. சோற்றுக்கும் சோற்றுக்கும் இடையில் வந்து போகிறது. முன்பெல்லாம் எமது ஊரில் தாய் இறந்தால், 31ஆம் நாள் பூசை முடியும்வரை மகளைத் துக்கத்தோடு இருக்கவிடுவார்கள். பெரியம்மா ஒருவர் பிள்ளைகளைக் குளிக்கவார்ப்பார். சின்னம்மா ஒருவர் பாடசாலைக்கு அனுப்புவார். மாமி ஒருவர் இரவில் கைக்குழந்தையைத் தன்னருகே கிடத்திக்கொள்வார். அழுவதற்கும் ஒருத்திக்கு இரண்டு கைகளும் ஓய்வாயிருக்க வேண்டும். பிள்ளையை இன்னொருத்தி தூக்கி வைத்திருந்தால்தான் அது கூடும். இதை அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள். அந்தப் பெரியம்மாவும் சின்னம்மாவும் மாமியும் இப்போது பாரிசிலும் திருச்சியிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். அழைத்தால் பேசுகிறார்கள், பரிவாகத்தான் பேசுகிறார்கள். தொலைபேசியால் குழந்தையைத் தூக்க முடியாது. நாலாம் நாள் நாம் இடியப்பம் அவித்தோம். எட்டாம் நாள் முன்பள்ளிக்குப் போய் 20 குழந்தைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்தோம். ‘அ’வுக்கு அம்மா என்று எந்தப் புண்ணியவான் வைத்தானோ!

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எமது வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று அம்மம்மாக்கள். மூத்தவளின் அம்மம்மாவுக்கு மடி இருந்தது. அவள் அங்கே பிறந்து இரண்டு வயதுவரை அந்த மடியில் வளர்ந்தவள். நல்லெண்ணெயும் வெற்றிலையும் கலந்த ஒரு மணம் தனக்கு நினைவிருக்கிறதென்கிறாள். இரண்டு வயது நினைவு நிற்குமா என்று நாம் வாதிடுவதில்லை. நடுவிலானின் அம்மம்மாவுக்குக் குரல் இருந்தது. இரவில் தொலைபேசியில் அவர் சொன்ன கதைகளை அவன் முடிவுவரை கேட்பான். அவர் இளம்பெண்ணாயிருந்தபோது தலைமன்னாரில் கப்பலேறி வேளாங்கண்ணிக்குப் போன கதை அவற்றுள் ஒன்று. டிக்கற் வாங்கிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்கக் கடலைக் கடந்தார் என்பது அவனுக்கு மாயக் கதைகளையெல்லாம் மிஞ்சிய மாயமாயிருந்தது.

சின்னவனின் அம்மம்மா கண்ணாடிச் சதுரத்துக்குள் இருந்த ஒரு முகம். அவன் அவரை ஒருநாளும் தொட்டதில்லை. ஆகவே அவர் இறந்தபோது அவன் உலகத்தில் எதுவும் குறையவில்லை. தொலைபேசி அப்படியேதான் இருந்தது. “அம்மம்மாவுக்கு எடுங்கோ” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மோட்சத்துக்குப் போய்விட்டார் என்றோம். “அங்க சிக்னல் இல்லையா?” என்றான். தாயாரின் தொலைபேசியைத் தங்கை பாவிக்கிறாள். அவள் அழைக்கும்போதெல்லாம் எமது திரையில் தாயாரின் படம் வரும். சின்னவன் ஓடி வருவான். பேசுவது சின்னம்மா என்று கண்டதும் முகம் வாடும். படத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது. மூன்று ஆண்டுகள் ஆகின்றன, நாம் மாற்றவில்லை. அவனுக்கு இப்போது ஏழு வயது. ஓடி வருவதை அவனாகவே நிறுத்திக்கொண்டான். அழைப்பு மணி கேட்டால் எமது முகத்தைத்தான் முதலில் பார்க்கிறான். பிள்ளை எம்மைக் காவல் செய்யத் தொடங்கிவிட்டதை அறிந்தபோது, தாயார் போன அன்று வராத அழுகை வந்தது.

பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று படித்த சிலர் எமக்குப் புத்தி சொன்னார்கள். எத்தனை அறைகள் உள்ள வீட்டை மனத்தில் வைத்துச் சொன்னார்களோ அறியோம். எமது வீட்டில் அழுதால் எல்லோருக்கும் கேட்கும். மறைப்பதைவிட விளக்கம் சொல்வது நன்று என்று கண்டோம். நடுவிலான் ஒருநாள், “அம்மம்மாவை ஏன் இஞ்ச கொண்டுவந்து அடக்கம் செய்யேல்லை?” என்று கேட்டபோது தரையில் படம் வரைந்து காட்டினோம். இது நாம், இது அவர்கள், நடுவிலுள்ளது எல்லைக்கோடு. யார் போட்டது என்றான். 1974இலும் 1976இலும் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து போட்டுக்கொண்டார்கள் என்று ஆசிரியைக்குரிய முறையில் விடையளித்தோம். அவன் கணக்குப் பார்த்தான். “அப்ப அம்மம்மா இருந்தவதானே? அவவைக் கேட்டவையளா?”

அவரைக் கேட்கவில்லை. இந்தக் கடலைக் கடந்த சாமானியர் எவரையும் ஒரு காலத்திலும் எவரும் கேட்டதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கூலித் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்தவர்களை விழுந்த இடத்தில் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. 2023 ஜூலை 28ஆம் திகதி, மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்று புறப்பட்டது. பெற்றோரைப் புதைக்கவும் நேரமின்றி நடந்தவர்களின் பேரர்கள் அவர்களுக்காக மீண்டும் நடக்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. பெற்றோருக்கு ஒரு நாடும் பிள்ளைகளுக்கு ஒரு நாடும் வாய்த்த குடும்பங்கள் உண்டு. மலைநாட்டிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிவந்த ரயிலுக்கு அம்மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்காக ஒப்பாரி! கப்பலேறி அக்கரை சேர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்டதும் மண்டபத்திலேதான். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்வதற்காக எழுந்த முகாம் அது. எமது தாயார் 32 ஆண்டுகள் வாழ்ந்த இடத்துக்கு இத்தகைய வமிசாவளி உண்டு.

எமது தீவுக்குள்ளேயே பாருங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி வெறிச்சோடிற்று. புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்து அங்கேயே மௌத்தான முதியவர்கள் எத்தனையோ பேர். ஊர் திரும்பி வந்துள்ள மீன் வியாபாரி ஒருவர் எமது துக்கத்துக்கு வந்திருந்தார். அவருடைய வாப்பா அடங்கியிருப்பது புத்தளத்து மையவாடியில். “எங்களுக்குப் பரவாயில்ல ரீச்சர், பஸ் இருக்கு” என்றார். வருத்தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த நாகரிகத்தை எமது மக்கள் எங்கே கற்றார்களோ! எமக்கும் கீழே இன்னொரு படி உண்டு. 2018இல் மன்னார் நகரில் கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்தில் 300க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அக்குழியை நோக்கி நின்றனர். அவை பல நூற்றாண்டுப் பழமையானவை என்று 2019இல் வெளிவந்த ஆய்வறிக்கை கூறிற்று. எந்தக் குழிக்கு மெழுகுதிரி கொளுத்துவதென்று அறியாத அந்த வீடுகளிலும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கடல் பிரித்தது என்று சொல்வது எளிது. கடல் எம்மைப் பிரித்ததாக நாம் கருதவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் ரயிலேறியவர் கொழும்பில் போய் இறங்கினார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. அதை நிறுத்தியது போர். போர் 2009இல் முடிந்தது. தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச்சில் மீண்டும் வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் பழைய இறங்குதுறை உப்பரித்துக் கிடக்கிறது. இந்தக் கப்பலை மீண்டும் விடப் போவதாக இரு கரைகளிலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அக்கரை இழுவைப் படகுகள் மட்டும் எந்தப் பத்திரமும் இல்லாமல் இரவில் வந்து அடிக்கடலை வாரிக்கொண்டு போகின்றன. எமது வலையும் இருமுறை போயிற்று. அந்தப் படகில் கூலிக்கு நிற்பவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான் என்று கணவர் சொல்வார். வலை போன அன்று சொல்லமாட்டார்.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கிற்று. எமக்கு அது வடக்கே யாழ்ப்பாணம் போய், கடல் கடந்து, மீண்டும் தெற்கே இறங்கும் சுற்றுவழி. ஆயினும் டிக்கற் வாங்கிப் பகல் வெளிச்சத்தில் போகலாம். கடவுச்சீட்டுகளுக்கு எழுதிப் போட்டோம். எமதும் மூத்தவளுடையதும் வந்துவிட்டன. ஐந்து பேருக்குமான செலவு இந்த ஆண்டுக்குக் கூடாது, இருவர் போகலாம். நவம்பர் 2ஆம் திகதி, மரித்தோர் திருநாளுக்கு, அங்கே நிற்க வேண்டுமென்பது எண்ணம். அது மாரிக் கடல், கப்பல் ஓடுமோ என்ற யோசனையும் உண்டு. அம்மம்மாவின் மடியில் கிடந்தவள் தானே, ஆகவே தானே போக வேண்டும் என்கிறாள் மூத்தவள். மடியில் கிடக்காதவன்தான் போக வேண்டும் என்று நடுவிலான் எதிர்வாதம் செய்கிறான். சின்னவன் எவர் பக்கமும் சேரவில்லை. போகிறவர்கள் தொலைபேசியை அங்கே குழிக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், தான் இங்கிருந்து பேசுவேன் என்று ஒப்பந்தம் கேட்டிருக்கிறான்.